பைதான் பேக்கேஜ் ஏறவில்லையா? பார்மட் செய்யாதீர்கள்!

சென்ற மாதம் என் சித்தி மகன் போன் செய்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், புது லேப்டாப். "அண்ணா, கம்ப்யூட்டர் போச்சு. ஸ்கிரீன் முழுக்க சிவப்பு எழுத்தா வருது" என்றான். நான் போய்ப் பார்ப்பதற்குள் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். கடைக்காரரும் "விண்டோஸ் கரப்ட்" என்று சொல்லி, ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்து, 800 ரூபாய் வாங்கிக் கொண்டார். இரண்டு மாதமாக எழுதிய புராஜக்ட் பைல்களும் அதோடு போயின. பேக்கப் இல்லை.

லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்!

பைதான் மொழியில் எழுதும் புரோகிராமைப் படித்து இயக்குவது இன்டர்பிரிட்டர். நாம் வழக்கமாக இன்ஸ்டால் செய்வது சிபைதான். அதற்கு மாற்றாகக் கிடைப்பது பைபை. (பேக்கேஜ்கள் கிடைக்கும் தளத்தின் பெயர் பைபிஐ. இரண்டும் வேறு வேறு. எனக்கே முதலில் குழப்பம்தான்.) புரோகிராம் ஓடும்போதே, திரும்பத் திரும்ப இயங்கும் பகுதிகளை மெஷின் கோடாக மாற்றிவிடுவதால் பைபைக்கு வேகம் அதிகம். யாரோ நண்பன் இதைச் சொல்ல, இவன் பைபையை இறக்கி, அதில் பாண்டாஸ் பேக்கேஜை இன்ஸ்டால் செய்யப் பார்த்திருக்கிறான்.

கடையில் பாக்கெட் மாவு வாங்கினால் இட்லி ஊற்ற வேண்டியதுதான். அரிசியும் உளுந்துமாகக் கொடுத்தால் வீட்டில் கிரைண்டர் வேண்டும். பேக்கேஜ்களும் அப்படித்தான். பாக்கெட் மாவுக்கு இங்கே 'வீல்' என்று பெயர். வீல் பைலின் பெயரில் சிபி311 என்று இருந்தால் அது சிபைதான் 3.11க்கானது, பிபி311 என்றால் பைபைக்கானது. பாண்டாஸ் குழுவினர் பைபிஐ தளத்தில் பைபைக்கு வீல் தருவதில்லை. எனவே பிப் புரோகிராம் சோர்ஸ் கோடை இறக்கி, கம்பைல் செய்ய முயன்றது. விண்டோஸில் சி கம்பைலர் தானாக வராது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த இடத்தில் எல்லாரும் கடைசி வரியைத்தான் படிக்கிறார்கள். அதில் 'மெட்டாடேட்டா ஜெனரேஷன் பெயில்டு' என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மேலே ஸ்குரோல் செய்து, எர்ரர் என்ற சொல் முதலில் வரும் இடத்தைப் பாருங்கள். அங்கே 'அன்னோன் கம்பைலர்' என்று தெளிவாக இருந்தது. கம்பைலர் இருந்தும், .எச் என்று முடியும் ஒரு பைல் இல்லை என்று மெசேஜ் வந்தால், அந்த லைப்ரரியின் டெவலப்மென்ட் பைல்கள் வேண்டும். லினக்ஸில் இது அடிக்கடி வரும். இவை எல்லாம் இருந்தும் சி கோடிலேயே எர்ரர் வந்தால், பெரும்பாலும் அந்த பேக்கேஜ் சிபைதானின் உள் அமைப்பை நம்பி எழுதப்பட்டது என்று பொருள். அப்போது மாற்று பேக்கேஜ் தேடுங்கள். சைகோபிஜி2க்குப் பதிலாக பைபைக்கென்றே சைகோபிஜி2சிஎப்எப்ஐ இருப்பது போல.

புதிதாகக் கற்பவர்களுக்கு பைபை தேவையில்லை என்பது என் கருத்து. பாண்டாஸின் கனமான வேலைகள் ஏற்கெனவே கம்பைல் செய்த கோடில்தான் நடக்கின்றன. பைபையில் அதற்கு நடுவே ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு வருவதால் வேகம் குறையவும் கூடும். சில நொடிகளில் முடியும் புரோகிராமிலும் லாபம் இல்லை. சுத்தமாக பைதானிலேயே எழுதி, நீண்ட நேரம் லூப்பில் ஓடும் புரோகிராம் என்றால் தாராளமாக முயன்று பாருங்கள். சிபைதானை அழிக்க வேண்டாம். இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கலாம். பைபைக்குத் தனியாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் அமைத்துக் கொள்ளுங்கள்.

தம்பி இப்போது சிபைதானில் புராஜக்டை முதலிலிருந்து எழுதுகிறான். பாண்டாஸ் ஒரு நிமிடத்தில் ஏறிவிட்டது. பென் டிரைவில் காப்பி எடுத்தாயா என்று நேற்று கேட்டேன். "நாளைக்கு எடுத்துடறேண்ணா" என்கிறான்.