தலைப்புச் செய்தி பலித்திருந்தால்...

பத்திரிகைக்கு ஆயுசு ஒரு நாள்தான். ஆனால் தலைப்புச் செய்திக்கு மறுபிறவி உண்டு. அலமாரித் தட்டில் விரித்த தாளாக, வாழைப்பழம் சுற்றிய பொட்டலமாக, பல வருஷம் கழித்து நம் முன்னால் வந்து நிற்கும். அப்போது படித்தால்தான் அதன் ருசியே தெரியும். அதிலும் 'வரும்', 'கிடைக்கும்', 'கட்டப்படும்' என்று முடிகிற தலைப்புகள் இருக்கின்றனவே, அவை தனி ரகம். எல்லாம் சொன்னபடி நடந்திருந்தால் நம்ம ரஹாங் எப்படி இருந்திருக்கும்? கொஞ்சம் கற்பனை செய்து பார்ப்போமே!

முதலில் ரயில். 2013 பிப்ரவரி 19-ஆம் தேதி அன்றைய பிரதமர் நஜீப்பும் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங்கும் அறிவித்தார்கள். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு 90 நிமிடத்தில் அதிவேக ரயில், 2020-இல் ஓடும் என்றார்கள். பிறகு வந்த திட்டத்தில் சிரம்பானுக்கும் ஒரு நிலையம் கிடைத்தது.

பலித்திருந்தால்? வீட்டில் பசியாறிவிட்டுக் கிளம்பி, சிராங்கூன் ரோட்டில் பூ வாங்கிக்கொண்டு, மத்தியானச் சோற்றுக்கு ரஹாங் திரும்பியிருக்கலாம். சிங்கப்பூரில் பெண் எடுத்த மருமகன்தான் பாவம். தீபாவளிக்குத் தீபாவளி வந்துபோன மாமியார், "பக்கத்தில்தானே மாப்பிள்ளை" என்று வாரத்துக்கு மூன்று நாள் வந்து நின்றிருப்பார்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். 90 நிமிடம் என்பது வழியில் எங்கும் நிற்காத வண்டிக்கு. சிரம்பானில் நிற்பது வேறு வண்டி. நிலையமும் ஊருக்குள் இல்லை, லாபு பக்கம். நாம் நெரிசலில் ஊர்ந்து லாபு போய்ச் சேர்வதற்குள், நிற்காத வண்டி தலைமுடியைக் கலைத்துவிட்டு மலாக்காவைத் தாண்டியிருக்கும்.

உண்மையில் நடந்தது என்ன? 2020 டிசம்பர் 31-உடன் ஒப்பந்தமே முடிந்து போனது. ஓடாத ரயிலுக்கு மலேசியா கொடுத்த இழப்பீடு 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி. டிக்கெட் வாங்காமல் பயணம் செய்கிறவரைப் பார்த்திருக்கிறோம். பயணமே செய்யாமல் டிக்கெட்டுக்குக் காசு கட்டியவர்கள் நாம்தான்!

அடுத்தது பறக்கும் காடி. 2019 பிப்ரவரியில் தொழில்முனைவோர் மேம்பாட்டு அமைச்சர் சொன்னார்: மலேசியாவின் முதல் பறக்கும் காடியை அதே வருஷத்தில் பார்க்கலாம் என்று. பலித்திருந்தால் கூரைமேல் பார்க்கிங், தென்னை மட்டையில் செருகிய சம்மன். பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் எடுத்தால், கொடியில் காயப்போட்ட சேலை அவரோடு நீலாய் வரை பறந்திருக்கும். சாயங்காலம் ஐந்து மணி நெரிசல் அப்படியே நாலு மாடி உயரத்துக்குப் போயிருக்கும்.

காடி பறக்கவில்லை. மறுவருஷம் மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும், தரையில் ஓடும் காடியே வாசலைத் தாண்டவில்லை. அந்த 2020-தான், 'வளர்ந்த நாடு' ஆகிவிடுவோம் என்று 1991-இல் மகாதீர் குறித்துக் கொடுத்த வருஷம். வளர்ந்தோம், வீட்டுக்குள் உட்கார்ந்து, இடுப்புச் சுற்றளவில்.

மூன்றாவது தலைப்புக்குத் தேதியே வேண்டாம். 'தோட்ட மக்களுக்குச் சொந்த வீடு!' தேர்தலுக்கு ஒரு வீடு என்று வைத்தாலும், 2022 வரை 15 பொதுத்தேர்தல், குடும்பத்துக்கு 15 வீடு. ஒன்றில் சமையல், ஒன்றில் தூக்கம், ஒன்று தாத்தா கோபித்துக்கொண்டு போய் உட்கார. மீதி பன்னிரண்டை அமைச்சர்களுக்கே வாடகைக்கு விட்டிருக்கலாம்.

இந்த இடத்தில் மட்டும் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் குலை தள்ளி ஓய்ந்தவருக்கு, வேலை முடிகிற அன்றே லயமும் முடிந்தது. மரம் நின்ற இடத்தில் தாமான் எழுந்தது. மரம் வெட்டிய கைக்குக் கிடைத்தது வாடகை ரசீது.

பலித்த தலைப்பு ஒன்றும் உண்டு. மெர்டேக்காவை ஒட்டி வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடலில் தொழிலாளிக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. 1960 மே 14-ஆம் தேதி துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி, மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

அன்றைக்கு ஒரு கிண்டல்காரன் என்ன சொல்லியிருப்பான்? "பால்வெட்டுக்காரர் தோட்டம் வாங்கப் போகிறாராம்! எல்லாரும் துரையாகிவிட்டால் பெரட்டுக்கு யார் வருவது? மண்டோர் யாரைத் திட்டுவது? சம்பளம் போதாது என்று முதலாளியே முதலாளிக்கு எதிராகக் கொடி பிடிப்பாரா?"

அவன் வாயடைத்துப் போனான். சங்கம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. அதன் பிறகும் பல தோட்டங்களை வாங்கியது.

ரயிலும் பறக்கும் காடியும் மேலிருந்து வந்த அறிவிப்பு. நாம் கைதட்டினோம், காத்திருந்தோம். தோட்டம் வாங்கிய கதையில் நம் ஆட்கள் பத்து வெள்ளி கட்டி, ரசீதை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள். காசு கட்டியவன் "என்னய்யா ஆச்சு?" என்று கேட்பான். கைதட்டியவனுக்கு அந்தக் கேள்வி தோன்றுவதே இல்லை.

தலைப்புகள் ஓயப்போவதில்லை. 2023-இலேயே அந்த அதிவேக ரயிலுக்குத் தனியார் நிறுவனங்களிடம் மறுபடியும் யோசனை கேட்டுவிட்டார்கள். ஆகவே வாசகர்களே, இனி 'வீடு கட்டித் தரப்படும்' என்று படித்தால், அந்தத் தாளில் வாழைப்பழம் சுற்றாதீர்கள். தேதி தெரியும்படி மடித்து வையுங்கள். அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு நல்லதாக ஒரு தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, கூடவே அந்தத் தாளையும் நீட்டுங்கள்.