ஊசித் துளை வழியே



ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு, அங்கே சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்திலேயே தம் கூட்டத்தாருடன் திரும்பிய வரலாற்றை அறிவீர்கள். நோயுள்ள இடத்திற்குச் செல்லாதிருப்பதே காப்பு. ஆனால் சென்றே தீரவேண்டிய படைவீரனுக்கு?

2020 மே மாதம் தொடங்கிய ‘சமுத்திர சேது’ பணியில் நம் கடற்படையினர் மாலத்தீவு, இலங்கை, ஈரான் ஆகிய நாடுகளில் தவித்த 3,992 பேரைக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். கொழும்பிலிருந்து ‘ஜலாஷ்வா’ நம் தூத்துக்குடிக்கே வந்தது. கப்பலிலோ அடுக்குப் படுக்கைகள்; குறுகிய வழிகள். அவ்வாண்டு அமெரிக்காவின் ‘தியோடர் ரூஸ்வெல்ட்’ போர்க்கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளைக் கொரோனா பற்றியது. நோயுற்றவரை நெருங்கும் மாலுமிக்கும் மருத்துவருக்கும் முகக்கவசத்தோடு அரணாக நின்றது, உடல் முழுதும் மூடும் அங்கி.

அந்த அங்கியும் ஒரு தையல் வேலைதானே! பனியன் ஆர்டர்கள் நின்றுபோன அந்நாளில் திருப்பூரின் பல நிறுவனங்கள் முகக்கவசத்திற்கும் இவ்வங்கிக்கும் மாறின. ஆனால் பனியன் துணி இதற்கு உதவாது. அதன் கண்ணிகளுக்கிடையே ஈரம் ஊடுருவிவிடும். மெல்லிய படலம் ஒட்டிய நெய்யாத துணி வேண்டும். அதையும் ஊசி துளைக்கிறதே! தையல் நெடுகிலும் எத்தனை துளைகள்! அவற்றின்மீது வெப்பக் காற்றால் நாடா ஒட்டி அடைத்தால்தான் அது காப்பங்கி. இல்லையேல் வெறும் மழைச்சட்டை.

செயற்கை இரத்தத்தை அழுத்தத்துடன் செலுத்தித் துணி கசிகிறதா எனப் பார்க்கும் சோதனை, தொடக்கத்தில் கோவையின் சிட்ரா நிலையத்தில்தான் நடந்தது. ஆய்வகம் பார்ப்பதோ மாதிரியை மட்டும். ஒவ்வொரு பீஸின் தையலையும் பார்ப்பது நம் செக்கிங் மேசை. அங்கே நிற்கும் பெண்மணி நாடா விலகிய ஒன்றை ஒதுக்கி வைக்கும்போது, தாம் காணாத ஒரு மாலுமியைக் காக்கிறார். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்த ஒரு நிமிடம் நட்டமே. அதை ஈடுசெய்வது முதலாளியின் கடமை என்பேன்.

இன்னொரு தொல்லை வியர்வை. படலம் வெளியீரத்தைத் தடுப்பதுபோல் உள்ளீரத்தையும் சிறைப்படுத்துகிறது. அணிந்தவர் சில மணி நேரத்தில் சோர்கிறார். இதை உணர்ந்த கடற்படை மருத்துவர் அர்ணாப் கோஷ், மும்பையில் படலமில்லாத, காற்றோடும் துணியில் ‘நவரக்ஷக்’ அங்கியை வடிவமைத்தார். 3-ஆம் நிலை தேறினாலே போதுமென்ற இரத்தச் சோதனையில் அது 6-ஆம் நிலையை எட்டியது. சாதாரண கவுன் தைக்கத் தெரிந்தவரே அதைத் தைத்துவிடலாம்!