பத்தாயம் இல்லாத தொழிற்சாலைகள்



நம்ம நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் பத்தாயம் என்று பெரிய மரப்பெட்டி ஒன்று இருக்கும். கன்னிப்பூ அறுவடை முடிந்ததும் நெல்லைக் காயவைத்து அதில் கொட்டி விடுவார்கள். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை நாள் மழை கொட்டினாலும் கவலை இல்லை. "மழைக்கு முந்தி வேண்டியது வீட்டுல கெடக்கணும் மக்கா" என்று எங்க ஆச்சி இப்பவும் சொல்லுவா.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது நான் சின்னப்பிள்ளை. கடலுக்குப் போன எத்தனையோ பேரை நம் மாவட்டம் இழந்த துக்க நாள் அது. எங்க தெருவில் மரம் விழுந்து வழி அடைத்துவிட்டது. கடையில் மெழுகுவர்த்தி கூட இல்லை. ஆச்சி வீட்டில் அரிசியும் விறகும் இருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து சாப்பிட்டோம்.

ஆனால் இன்றைய பெரிய தொழிற்சாலைகள் பலவற்றில் பத்தாயமே கிடையாது! 'ஜஸ்ட் இன் டைம்' என்று அந்த முறைக்குப் பெயர். பொருள் தேவைப்படும் நேரத்தில் வந்தால் போதும், சேர்த்து வைக்க வேண்டாம் என்பது அதன் கொள்கை. ஜப்பானின் டொயோட்டா கம்பெனி வளர்த்தெடுத்த முறை இது. இதில் நன்மை இல்லாமல் இல்லை. குடோன் வாடகை மிச்சம். சரக்கில் பணம் முடங்காது. பழுதான பாகம் வந்தால் உடனே தெரிந்துவிடும்.

எல்லாம் சரி, கப்பல் சொன்ன நேரத்துக்கு வரணுமே! ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக்கடலில் புயல் காலம். பெரிய புயல் என்றால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களையே ஆழ்கடலுக்கு அனுப்பி விடுவார்கள். பிறகு கண்டெய்னர் எப்படி இறங்கும்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பக்கம் ஹூண்டாய், ஃபோர்டு, ரெனோ-நிசான் கார் ஆலைகளில் உற்பத்தி நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான், பெகாட்ரான் ஆலைகள் வேலையை நிறுத்தின. அதே குளிர்காலத்தில் செங்கடலில் தாக்குதல்களுக்குப் பயந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. ஜெர்மனியில் பெர்லின் அருகே உள்ள டெஸ்லா கார் ஆலை 2024 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 11 வரை பெரும்பாலும் நின்றுபோனது. ஆலைக்கு ஒரு சேதமும் இல்லை. பாகம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்!

இதனால் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். நம்ம ஊர் அண்ணன்மார், அக்காமார் எத்தனை பேர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறார்கள்! எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. ஆலை நின்ற நாளுக்கு அவருக்குச் சம்பளம் கிடையாதாம். அப்படியானால் கம்பெனி மிச்சம் பிடித்த குடோன் வாடகையைக் கடைசியில் கட்டுவது யார்? அந்த அண்ணன்தானே!

எல்லாவற்றையும் குவித்து வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பாகம் வராவிட்டால் ஆலையே நிற்குமோ, அதையாவது புரட்டாசிக்குள் சேர்த்து வைக்கலாம். சென்னைத் துறைமுகத்தை மட்டும் நம்பாமல் தூத்துக்குடி, கொச்சி வழியாகவும் சரக்கு வர ஏற்பாடு செய்யலாம். ஆலை நின்றாலும் தொழிலாளிக்குக் கூலி கொடுக்கணும்.

இந்த முறையை வளர்த்த டொயோட்டாவே 2011 நிலநடுக்கத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு மாறிவிட்டது. தனக்குப் பாகம் தரும் கம்பெனிகளிடம் 2 முதல் 6 மாதத்துக்கான சிப்களை இருப்பு வைக்கச் சொன்னது. அதனால்தான் 2021 தொடக்கத்தில் சிப் பஞ்சம் வந்து மற்ற கார் கம்பெனிகள் தடுமாறியபோது அது கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது.

டொயோட்டாவே பத்தாயம் வாங்கியாச்சு. பத்தாயம் செய்த ஊர்க்காரங்க நாம யோசிக்கலாமா?

சிந்திப்போம் நண்பர்களே!

– 11-ஆம் வகுப்பு மாணவி, வணிகவியல் பிரிவு