உருவிப் போடுங்கோ!

தொடங்கினதை முடிச்சே ஆகோணும் எண்ட புத்திமதி பின்னலுக்குப் பொருந்தாது.

ஓமந்தையில எங்கட ஊசிகளில இப்ப மூண்டு வேலை கிடக்கு: பருத்தி நூல் தோள்பை, குழந்தைத் தொப்பி, கனடாவிலிருந்து வந்த கம்பளி நூலில ஒரு ஸ்வெட்டர். முதல் இரண்டையும் முடிப்பம். ஸ்வெட்டரைக் கைவிடுறம். பங்குனி வெயிலில அதை ஆர் போடுறது?

"பாதி பின்னியாச்சே, வீணாகுமே" எண்டுவினம். செலவழிச்சதுக்காகவே மேலும் செலவழிக்கும் இந்தப் பழக்கத்தை ஆர்க்ஸ், புளூமர் என்ற ஆய்வாளர்கள் 1985இலேயே எழுதிவிட்டார்கள். போன நேரம் முடிச்சாலும் திரும்பாது. நூல் திரும்பும். வெட்டின துணியைப் பழையபடி ஆக்கேலாது. பின்னலை உருவி, நூலை நனைச்சுக் காயப்போட்டால் சுருள் நிமிரும்.

சலிச்ச உடனே உருவச் சொல்லேல்லை. விழுந்த கண்ணியைக் கொக்கி ஊசியால ஏத்தலாம். கேள்வி ஒண்டுதான்: முடிச்சால் ஆராவது போடுவினமா?

இல்லையெண்டு உருவினால், "பெட்டைக்குப் பொறுமையில்லை" எண்டு பட்டம் கட்டுகினம். பொறுமை எண்டு எங்களுக்குப் பழக்குறது பலநேரம் வேண்டாததைச் சுமக்கத்தான். அந்தப் பாடத்தைப் பின்னல் ஊசியிலயாவது படிக்க மாட்டம். ஸ்வெட்டர் நூல் தொப்பியாகிக் கனடாவுக்கே போகட்டும். குளிர் அங்கதான் இருக்கு.