சாயம் போகாது என்று சொல்வதற்கு முன்

துணியின் ஓரத்தை வாளித் தண்ணீரில் அலசிப் பார்ப்பது, தண்ணீர் தெளிவாக இருந்தால் ‘சாயம் போகாது’ என்று வாக்குக் கொடுப்பது. ஈப்போ லிட்டில் இந்தியா ஜவுளிக்கடைகளிலும், வீட்டின் பின்கட்டில் நடக்கும் பாத்தேக் பட்டறைகளிலும், சலவைக் கடைகளிலும் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இதை நாம் கைவிட வேண்டும். வாளித் தண்ணீரின் நிறத்தை வைத்துச் சாயத்தின் உறுதியைச் சொல்லவே முடியாது.

அடர்ந்த கருநீலத் துணி ஒன்று முதல் அலசலில் கொஞ்சம் நிறம் விடலாம். மேலே ஒட்டியிருந்த உபரிச் சாயம் அதோடு போய்விடும். பிறகு எந்தத் துணியோடு சேர்த்து நனைத்தாலும் கறை பிடிக்காது. இன்னொரு துணி வாளியில் ஒரு சொட்டு நிறமும் காட்டாமல் இருந்துவிட்டு, ஈரத்தோடு மடித்து வைத்த இரவில் பக்கத்து மடிப்பில் தன் நிறத்தைப் பதித்துவிடும். ஒரு வாளித் தண்ணீரில் கரையும் சாயம் நீர்த்துப் போகிறது. திரும்பித் துணியில் ஏற அதற்கு வலு இல்லை. பிழிந்த ஈரத்தில் நிலைமை வேறு. சாயம் கரைவதற்கு வேண்டிய நீர் இருக்கிறது, அதை அடித்துக்கொண்டு போகிற அளவுக்கு நீர் இல்லை. பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும் வெள்ளை இழைதான் அதற்குப் போக்கிடம். சந்தன நிற உடலும் அரக்குக் கரையும் உள்ள கூறைப்புடவைகள் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். துவைக்கும்போது கெடுவதில்லை. வியர்வையோ மழையோ பட்ட ஈரம் காயாமல், பெட்டிக்குள் மடித்து வைத்த பிறகு கெடுகிறது. கடைக்காரர் ‘நீங்கள் சரியாகத் துவைக்கவில்லை’ என்கிறார். வாடிக்கையாளர் ‘நான் துவைக்கவே இல்லை’ என்கிறார். இருவர் சொல்வதும் உண்மைதான். துணியைக் கடைக்கு வருமுன் யாரும் சரியாகச் சோதிக்கவில்லை.

சரியான சோதனை புதிதும் அல்ல, கடினமும் அல்ல. ஐஎஸ்ஓ 105-இ01 என்ற தர முறை இந்த ஈரத் தொடர்பைத்தான் அளக்கிறது. 10 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சாயத் துணித் துண்டு ஒன்றை எடுத்து, அதே அளவுள்ள பல இழைத் துண்டோடு குறுகிய ஓரத்தில் தைக்க வேண்டும். பல இழைத் துண்டு என்பது கம்பளி, அக்ரிலிக், பாலியெஸ்டர், நைலான், பருத்தி, அசிட்டேட் ஆகிய ஆறு வெள்ளை இழைகளும் பட்டை பட்டையாக நெய்யப்பட்ட நாடா. தைத்த ஜோடியைக் காய்ச்சி வடித்த நீருக்கு நிகரான தூய நீரில் நன்றாக ஊறவிட்டு, மிகுதி நீரை வடித்துவிட்டு, இரண்டு கண்ணாடி அல்லது அக்ரிலிக் தகடுகளுக்கு நடுவே வைத்து 12.5 கிலோபாஸ்கல் அழுத்தம் கொடுக்க வேண்டும். அப்படியே 37 டிகிரி வெப்பத்தில் 4 மணி நேரம். பிறகு தையல் பக்கம் மட்டும் சேர்ந்திருக்க இரண்டையும் விரித்து, 60 டிகிரிக்கு மேல் போகாத காற்றில் காயவிட வேண்டும். அமெரிக்க ஏஏடிசிசி 107 முறையும் இதே போக்குதான். அங்கே நேரம் 18 மணி.

12.5 கிலோபாஸ்கல் என்றதும் மலைக்க வேண்டாம். 10-க்கு 4 சென்டிமீட்டர் துண்டின் மேல் 5 கிலோ எடை நின்றால் ஏறக்குறைய அந்த அழுத்தம் வந்துவிடும். நம் ஊர் மளிகைக் கடையில் கிடைக்கும் 5 கிலோ அரிசிப் பை போதும். பல இழை நாடா வாங்க முடியாத சிறு பட்டறை, சாயம் ஏறாத வெள்ளைப் பருத்தி, வெள்ளைப் பட்டு, வெள்ளை நைலான் ஆகியவற்றின் வெட்டுத் துண்டுகளை வரிசையாகத் தைத்துக்கொள்ளலாம். துண்டுகள் கஞ்சியும் வெளுப்புச் சாயமும் இல்லாதவையாக இருக்க வேண்டும். 37 டிகிரியில் நிறுத்தி வைக்கும் சூட்டுப் பெட்டி இல்லையென்றால், ஓரம் காய்ந்துவிடாதபடி பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். இது ஆய்வகச் சான்றிதழுக்கு ஈடாகாது. ஆனால் எந்தத் துணியைக் கடைக்கு அனுப்பக்கூடாது என்பதை வாளியைவிடப் பல மடங்கு நேர்மையாகச் சொல்லும்.

முடிவைப் படிப்பதில்தான் நம்மவர்கள் பலர் வழுக்குகிறார்கள். மதிப்பெண் இரண்டு உண்டு. சாயத் துணி எவ்வளவு மங்கியது என்பது ஒன்று. பக்கத்து வெள்ளையில் எவ்வளவு கறை ஏறியது என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனிச் சாம்பல் அளவுகோலில் ஒப்பிட்டு, 5 என்றால் மாற்றமே இல்லை, 1 என்றால் மிக மோசம் என்று அரை அரைப் படியாகக் குறிக்க வேண்டும். ‘சாய உறுதி 4–5’ என்று ஒற்றை எண்ணோடு வரும் காகிதத்தை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது மங்கல் எண். அடர்த்தியான சிவப்பு, கொஞ்சம் சாயத்தை இழந்தாலும் சிவப்பாகவேதான் தெரியும். ஆனால் இழந்த அந்தக் கொஞ்சம், வெள்ளை நைலானில் 2 என்ற கறையை வைத்துவிட்டிருக்கும். வாடிக்கையாளர் அழுவது அந்த இரண்டாம் எண்ணுக்காகத்தான்.

எந்தப் பட்டையில் கறை ஏறியது என்பதும் ஒரு வாக்குமூலம். பட்டுக்கு ஏற்றிய ஆசிட் சாயம் நழுவினால் கம்பளியும் நைலானும் காட்டிக்கொடுக்கும். பருத்திப் பட்டை கறைபட்டால் டைரக்ட் சாயமோ, சரியாகக் கழுவாத ரியாக்டிவ் சாயமோ என்று சந்தேகிக்கலாம். பாலியெஸ்டர் புடவையின் டிஸ்பர்ஸ் சாயம் நைலானிலும் அசிட்டேட்டிலும் போய் ஏறும். பட்டைகளை நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடையின் மஞ்சள் விளக்கு மஞ்சள் கறையை விழுங்கிவிடும்.

பாத்தேக் எழுதும் நண்பர்களுக்கு இங்கே சற்று நீட்டிச் சொல்ல வேண்டும். 1956-இல் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் புரோசியான் சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பில் சேரும் சாயம் முதல்முறையாகக் கடைக்கு வந்தது. நாம் தூரிகையால் எழுதும் ரெமசோலும் அதே குடும்பம். வினைல் சல்ஃபோன் வகை. சோடியம் சிலிகேட்டின் காரம் அந்தப் பிணைப்பை நடத்தி வைக்கிறது. ஆனால் சாயத்தின் ஒரு பகுதி இழையோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்துவிடும். அதற்குப் பிறகு அது இழையைப் பிடிக்கவே பிடிக்காது. வெறுமனே இழைக்குள் தங்கிக்கொண்டு நனையும்போதெல்லாம் வெளியே வரும். கொதிநீரில் சோப்பிட்டு அதை முழுக்க வெளியேற்றுவதே பாத்தேக்கின் கடைசி வேலை. நேரம் மிச்சம், எரிவாயு மிச்சம் என்று பலர் சுருக்கிக்கொள்வதும் இந்த வேலையைத்தான். சிலர் கழுவலைக் குறைத்துவிட்டுக் கேட்டயானிக் ஃபிக்சர் ஊற்றிச் சமாளிக்கிறார்கள். சோதனையில் எண் உயரும் என்பது உண்மை. ஆனால் பல சாயங்களில் வெயில் தாங்கும் தன்மை அதனால் குறைகிறது. துவைக்கத் துவைக்க அந்தப் பூச்சும் கழன்றுவிடும். கழுவலை முடித்த பிறகு ஃபிக்சர் போடுவது வேறு, கழுவலுக்குப் பதிலாகப் போடுவது வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். வினைல் சல்ஃபோன் பிணைப்பு காரத்தில் பலவீனம். சிலிகேட்டின் மிச்சம் துணியில் தங்கிவிட்டால், நம் ஊர்ப் புழுக்கத்தில் அலமாரிக்குள் மடித்து வைத்திருக்கும்போதே பிணைப்பு மெல்ல அறுபடும். முதல் நாள் சோதனையில் 4–5 எடுத்த துணி, நாள் கடந்து 3-க்கு இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டிரையசின் வகைச் சாயங்களுக்கு நேர் எதிரான பலவீனம்; அவற்றின் பிணைப்பை அமிலம் அறுக்கும். ஆகவே கடைசி அலசல் நீரின் பிஎச்சைத் தாள் கொண்டு பாருங்கள். 7-ஐ ஒட்டி வரும்வரை அலசலை நிறுத்தாதீர்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது கிந்தாப் பள்ளத்தாக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஈப்போவைச் சுற்றி நிற்கும் மலைகள் சுண்ணாம்புக்கல். அந்தப் பாறைக்குள் ஊறி வரும் நிலத்தடி நீரில் கால்சியம் கூடும். மலையடிவாரத்தில் கிணற்று நீரையோ ஆழ்குழாய் நீரையோ நம்பியிருக்கும் பட்டறை இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கால்சியம் சோப்பைத் திரித்து நுரை வராமல் செய்வதோடு நிற்காது. ஒட்டாத சாயம் இழையை விட்டு வெளியேறுவதையும் தடுக்கும். எவ்வளவு அலசினாலும் நிறம் வந்துகொண்டே இருக்கிறது என்ற புலம்பலுக்குச் சில இடங்களில் நீரே காரணம். சோப்பு நீரில் கால்சியத்தைக் கட்டும் மருந்து கொஞ்சம் சேர்க்கலாம், அல்லது கடைசிக் கொதி அலசலுக்கு மட்டுமாவது மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சோதனைக்கு மட்டும் எப்போதும் தூய நீர்தான். இல்லாவிட்டால் ஈப்போ எண்ணையும் கிள்ளான் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது.

தூய நீரில் தேறிய துணி எல்லாவற்றையும் தாங்கும் என்பதும் இல்லை. தைப்பூசத்தன்று கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குப் பால்குடமும் காவடியும் எடுத்து வரும் பக்தர்களைப் பாருங்கள். குளித்த ஈரத்தோடு உடுத்திய மஞ்சள் வேட்டியும் புடவையும், வியர்வையும் பாலும் சேர, மணிக்கணக்காக உடம்போடு ஒட்டிக்கிடக்கின்றன. ஆய்வகத்தில் 37 டிகிரி என்று நாம் வைத்துக்கொண்டது உடம்பின் சூடுதானே. அங்கே வேலை செய்வது வெறும் நீர் அல்ல, வியர்வை. அதற்கென்று ஐஎஸ்ஓ 105-இ04 இருக்கிறது. ஹிஸ்டிடின் கலந்த இரண்டு செயற்கை வியர்வைக் கரைசல்கள், ஒன்று பிஎச் 5.5, மற்றது 8. விழாக்கால மஞ்சள் துணியை மொத்தமாகத் தருவிக்கும் வணிகர்கள் இந்தச் சோதனையையும் கேட்டு வாங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கிழங்கு மஞ்சளில் தோய்த்த துணிக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. அது பருத்தியோடு பிணைவதில்லை, சோப்புக் காரத்தில் சிவக்கும், வெயிலில் வெளுக்கும். வாங்குபவருக்கும் அது தெரியும்.

பேராக்கின் வேலை உடைகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டப் போனவர்களின் கைலியும் முழுக்கைச் சட்டையும், பால் உறையாமலிருக்க விடும் அம்மோனியாவையும், உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தையும் மாறி மாறிச் சந்தித்தன. காரம் ஒரு பக்கம், அமிலம் ஒரு பக்கம். அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனைக்கும் வீட்டு மனைகளுக்கும் போய்விட்டன. ரப்பர் பால் தைப்பிங், கமுந்திங் வட்டாரத்துக் கையுறை ஆலைகளில் வேலை செய்கிறது. கையுறையின் பிசுபிசுப்பைப் போக்க அங்கே குளோரின் பயன்படுகிறது. அந்த ஆலைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவர்கள் இ01 எண்ணை மட்டும் பார்த்துத் துணி எடுத்தால் ஏமாறுவார்கள். குளோரின் நீருக்கான இ03 சோதனை, லிட்டருக்கு 20, 50, 100 மில்லிகிராம் என்ற மூன்று வீரியங்களில் நடக்கிறது. நீரில் அசையாத பல ரியாக்டிவ் நீலங்கள் அங்கே தோற்றுப்போகும்.

சாயம் போவதே ஓர் அழகு என்று வாதிடுபவர்கள் ‘மெட்ராஸ்’ கட்டத் துணியை எடுத்துக்காட்டுவார்கள். 1958-இல் அமெரிக்க இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் வாங்கிய துணி, ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைகளில் சட்டையாக விற்றது. குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற குறிப்பு வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் கலந்து புகார்கள் குவிந்தன. பிறகு சாயம் ஓடுவதையே உத்தரவாதமாக விளம்பரம் செய்து, அந்தத் துணியை நாகரிகமாக்கினார்கள் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்தக் கதையில் நமக்குப் பயன்படும் பகுதி புகாருக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் இருக்கிறது. குறிப்பு இல்லாதபோது அது கெட்ட துணி. குறிப்போடு வந்தபோது அதே துணியை விரும்பி வாங்கினார்கள்.

துணியில் தங்காத சாயம் ஆற்றுக்குத்தான் போகிறது. திருப்பூரில் நொய்யல் கண்ட கதியும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூடச் சொன்னதும் நம் தொழிலில் யாரும் மறக்கக்கூடாதவை. மலேசியாவின் 2009-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள் கழிவின் நிறத்துக்கே உச்சவரம்பு வைத்திருக்கின்றன: குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே 100 ஏடிஎம்ஐ, மற்ற இடங்களில் 200. கறை எண் 2 வாங்கும் துணியைத் தயாரிக்கும் பட்டறை, துணியை மட்டும் கெடுக்கவில்லை.

விற்பவர்களின் பொறுப்புக்கு வருவோம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அங்கே ‘வாளியில் அலசிப் பார்த்தோம்’ என்ற பதில் நிற்காது. நெசவாளரிடமோ மொத்த வியாபாரியிடமோ சரக்கு எடுக்கும்போது மங்கல் எண், கறை எண், கறை ஏறிய இழை, சோதனை நடந்த தேதி ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள். கறை எண் 3–4-க்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்புங்கள். கைவேலைப்பாட்டுக்காக அதை எடுத்தே ஆக வேண்டுமென்றால், தனியாக நனைக்கவும், ஈரத்தோடு மடிக்கக்கூடாது என்று தமிழிலும் மலாயிலும் அச்சிட்ட சீட்டைப் புடவையோடு வைத்துக் கொடுங்கள். பாத்தேக் பட்டறைகள் ஒவ்வொரு சாயத் தொகுதியிலும் ஒரு கைக்குட்டை அளவுத் துணியை எடுத்து வைத்து, சிலிகேட் கழுவிய வாரத்தில் ஒரு முறையும் மூன்று மாதம் அலமாரியில் இருந்த பிறகு ஒரு முறையும் இதே சோதனையைச் செய்யட்டும். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால், அந்தத் தொகுதிக்கு எழுத்தில் உத்தரவாதம் தரலாம்.