கைகட்டிச் சொன்ன கதை

தமிழகத்தின் வட மாவட்டங்களிலுள்ள திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும்போது, பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்துக்குப் பொருள் சொல்வார். இரவில் அதே கதையைக் கூத்தாகக் கட்டுவார்கள். கடைசியில் படுகளம். மண்ணில் நீட்டிக் கிடத்திய துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் வேடக்காரர் பிளக்க, திரௌபதி விரித்த கூந்தலை முடிவாள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டிகள் துகில் முதல் பதினெட்டாம் போர் வரை வரிசை பிசகாமல் சொல்வார்களே, அந்த ஞாபகம் இங்கே விளைந்தது. காதில் விழுந்தது பாதி. உயர்ந்த கையும் துடித்த முகமும் பார்த்தவர் நெஞ்சில் பதித்தது மீதி.

உணர்ச்சிக்கு உடம்புதான் இடம் என்பதைத் தமிழ் வெகுகாலம் முன்பே கண்டுகொண்டது. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்களாக நான்கு நான்கு சொல்கிறது. அவற்றுக்கு வைத்த பெயர் மெய்ப்பாடு. மனத்தில் நிகழ்வது மெய்யில் தோன்றுவது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையோ ஆடலாசிரியன் எழிற்கையும் தொழிற்கையும் அறிந்திருக்க வேண்டும் என்கிறது. அழகுக்காகக் காட்டும் கை வேறு, தொழிலைக் காட்டும் கை வேறு. 1992-இல் உளவியலாளர் டேவிட் மெக்நீல் பேசுவோரின் கையசைவுகளை ஆராய்ந்தபோது, பொருளை வரைந்து காட்டுபவை, பேச்சின் தாளத்துக்கு அசைபவை என்பன போன்ற வகைகளாகப் பிரித்தார். இரண்டு பாகுபாடும் ஒன்றே என்று நான் வாதிடவில்லை. ஆனால் கேட்பவர் நினைவுக்கு அதிகம் உதவுவது பொருள் காட்டும் கைதான் என்பதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உணர்ச்சியின் பங்கையும் சோதித்துப் பார்த்தார்கள். 1994-இல் கலிஃபோர்னியாவில் லாரி கேஹில், ஜேம்ஸ் மெக்காவ் குழுவினர், தாயோடு போகும் சிறுவன் காரில் அடிபடும் கதையைப் படங்களோடு சொன்னார்கள். வேறு சிலருக்கு அதே படங்களுக்கு விபத்தில்லாத கதை. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, அடிபட்ட பகுதியே நன்றாக நினைவில் நின்றது. அட்ரினலின் வேலையைத் தடுக்கும் மாத்திரை உண்டவர்களுக்கு அந்த வலு குறைந்துவிட்டது. நெஞ்சு படபடத்தால் கதை இன்னும் வலுவாகத் தங்குகிறது. கூத்து வாத்தியார்கள் விடிய விடிய முகவீணையை அலறவிட்டதில் அர்த்தம் இருந்திருக்கிறது.

கை கேட்பவருக்கு மட்டும் உதவுவதில்லை. பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளைகளும் பேசும்போது கையசைக்கிறார்கள். 1998-இல் வெளிவந்த ஆய்வு இது. யாரையும் பார்த்துக் கற்றதல்ல அது. கணக்கை விளக்கும்போது கையை அசைக்காதே என்று தடுத்தால், கூடவே மனத்தில் வைக்கச் சொன்ன பட்டியலைப் பிள்ளைகளும் பெரியவர்களும் அதிகம் மறந்தார்கள் என்று உளவியலாளர் சூசன் கோல்டின்-மெடோ 2001-இல் காட்டினார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நம் வகுப்பறைதான் கண்ணில் நிற்கிறது. ‘கையைக் கட்டு’ என்பதுதான் அங்கே குழந்தை கேட்கும் முதல் கட்டளைகளில் ஒன்று. கட்டிய கையோடு ஒரே சுரத்தில் ஒப்பிப்பதை ஒழுக்கம் என்று நம்பினோம். கூத்தை ஆண்டு விழா மேடையில் பத்து நிமிடத்துக்கு ஒதுக்கினோம். இது பெரிய இழப்பு.

ஆசிரியர்களே, நாளைக்குத் தமிழ் வகுப்பில் ஒரு கதையைக் கையை வீசிச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்லும்போது அவர்கள் கையையும் அவிழ்த்துவிடுங்கள்.