திரையைத் தூக்கிப் போடுமுன் அதனிடம் கேளுங்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்திக்கொண்டது. பழைய கணினியை மாற்றும்போது நன்றாக வேலை செய்யும் திரையும் சேர்ந்தே வீட்டைவிட்டுப் போகிறது என்பதே என் கவலை. புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கின் கீழே கீறல்கூட இல்லாத திரைகள் கிடப்பதை அவ்வப்போது பார்க்கிறேன். அண்டை வீட்டாரைக் கேட்டால், “எழுத்து மங்கலா தெரியுது”, “மவுஸ் இழுத்து இழுத்துப் போகுது” என்பார்கள். சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசிய சுற்றுப்புற வாரியம் கூறியுள்ளது.

இவ்விரு புகார்களுக்கும் திரைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. படத்தை எத்தனை புள்ளிகளில், விநாடிக்கு எத்தனை முறை காட்டுவது என்பதைக் காட்சிமுறை என்கிறோம். தன்னால் இயன்ற முறைகளைத் திரையே கணினிக்குத் தெரிவிக்கிறது. அதற்கென 1994ல் வகுக்கப்பட்ட ‘இடிஐடி’ என்ற தரவுத் தொகுப்பு திரைக்குள் இருக்கும். அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். தரமற்ற இணைப்பி அதைச் சரியாகக் கடத்தாவிட்டால், கணினி 1024×768 போன்ற ஒரு பாதுகாப்பான முறைக்கு இறங்கிவிடலாம். அப்போது எழுத்து மங்கும். மடிக்கணினியின் படத்தையே வெளித்திரையிலும் காட்டச் சொன்னாலும் இதே கதைதான்: இரண்டுக்கும் பொதுவான ஒரு முறையைக் கணினி தேர்ந்தெடுக்க, பெரிய திரை தன் முழுத் திறனை இழக்கும்.

சுட்டி இழுபடுவதற்குக் கணக்கு ஒன்று உண்டு. 4கே திரையில் 3840×2160 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 60 முறை என்றால் ஏறத்தாழ 1,200 கோடி பிட். எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு கடத்தக்கூடிய படத்தரவோ சுமார் 816 கோடிதான். ஆகவே 4கேயில் 60 என்ற தெரிவு பட்டியலிலேயே வராது, 30தான் வரும். திரை என்ன செய்யும், பாவம்!

நிரலெழுதும் மாணவர்கள் கவனிக்கவேண்டியது இதற்கு அடுத்த படி. விளையாட்டுச் செயலி உருவாக்கும் பலர் 1920×1080 என்று எழுதி வைத்துவிடுகிறார்கள், அல்லது முதன்மைத் திரையை மட்டும் விசாரித்து அந்தப் பதிலையே எல்லாத் திரைகளுக்கும் பொருத்துகிறார்கள். ஜிஎல்எஃப்டபிள்யூ போன்ற நூலகங்கள் இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் இணைந்துள்ள திரைகளின் பட்டியல். பிறகு ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியே அதன் முறைகள். செயலி ஓடும்போதே யாரேனும் வடத்தைப் பிடுங்கினால் முழுவதையும் மறுபடி கேட்கவேண்டும்.

உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவரும் சொந்தக் கற்றல் சாதனம் வைத்திருக்கவேண்டும் என்ற இலக்கைக் கல்வி அமைச்சு 2028லிருந்து 2021க்கு முன்கொணர்ந்தது. அந்தச் சிறு திரையோடு வீட்டிலுள்ள பழைய திரையை இணைத்தால், பாடக்குறிப்பு ஒன்றிலும் கட்டுரை மற்றொன்றிலும் இருக்கும். காசும் மிச்சம். விண்டோஸ் அமைப்புகளில் மேம்பட்ட காட்சிப் பகுதிக்குச் சென்று, வெளித்திரையைத் தேர்ந்து, அதன் புள்ளி எண்ணிக்கையையும் புதுப்பிப்பு வேகத்தையும் பாருங்கள். குறைவாக இருந்தால் முதலில் வடத்தையும் இணைப்பியையும் மாற்றிப் பாருங்கள்.

அப்படியும் உயிர் வராத திரையைப் புளோக்கின் கீழே வைக்கவேண்டாம். 2021 ஜூலை முதல் நடப்பிலுள்ள மின்கழிவுத் திட்டத்தில் கணினித் திரைகளும் அடங்கும். புதிய திரை வீட்டிற்கு வரும்போது பழையதை இலவசமாக எடுத்துச் செல்லும்படி கடைக்காரரிடம் கேட்கலாம்.